பக்கவாட்டு வெளிச்சம்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் சாலையில் வடக்கு நோக்கிச் சில கல் தொலைவு போனால் தாடிக்கொம்பு. சௌந்தரராசப் பெருமாள் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வரும் கலை அன்பர்கள் பெரும்பாலும் அங்குள்ள மண்டபத் தூண்களைப் பார்க்கவே வருகிறார்கள். உலகளந்த பெருமாள், வைகுண்டநாதர், அகோர வீரபத்திரர், ரதி, மன்மதன் என வரிசையாக நிற்கும் விசயநகர, நாயக்கர் காலச் சிற்பங்கள் அவை. கைப்பேசி விளக்கை நேராக அடித்துப் படமெடுத்தால் எந்தச் சிற்பமும் தட்டையாகிவிடும். ஒளி ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்போதுதான் விரல் நகமும் ஆடை மடிப்பும் உயிர்பெற்று எழும். கல்லில் வேலை செய்வோர் நன்கறிந்த இவ்வுண்மையை, மேசையில் வேலை செய்வோருக்கு அறை அமைத்துத் தருகிறவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

இப்படிச் சொல்ல நேர்ந்ததற்குக் காரணம் என் பழைய மாணவர் ஒருவர். புத்தக அட்டை, துணிக்கடை விளம்பரம், சிறுவர் நூல்களுக்கான படங்கள் முதலியவற்றை வடிவமைத்துக் கொடுக்கும் சிறு கூடம் நடத்துகிறார். மொத்தம் 6 பேர். நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல் தாடிக்கொம்பில் முற்றமும் தாழ்வாரமும் கொண்ட பழைய ஓட்டுவீடு ஒன்றைப் பிடித்திருந்தார். உள் அலங்காரம் செய்பவர் ஒருவர் அவருக்கு வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தார். முற்றத்தை மூடி ஃபால்ஸ் சீலிங், நான்கு பக்கமும் தெரியும் கண்ணாடித் தடுப்பு, செயற்கைப் புல் விரிப்பு, நடுச்சுவரில் ஊக்கமூட்டும் ஆங்கில வாசகம். செலவுக்குத் தாயாரின் நகைகள் அடகுக்குப் போகவிருந்தன.

மாணவர் என்னிடம் வந்தது ஆலோசனை கேட்க அன்று. அந்த ஆங்கில வாசகத்துக்குப் பதிலாக நல்ல தமிழ் வரி ஒன்று வேண்டுமாம். "பார்த்தவுடன் கற்பனை பொங்க வேண்டும், ஐயா" என்றார்.

நான் வரி எதுவும் கொடுக்கவில்லை. நாள்தோறும் கண்ணில் படும் வாசகம், அது எத்தனை உயர்ந்த கவிஞருடையதாயினும், பத்தாம் நாளில் சுண்ணாம்போடு சுண்ணாம்பாகிவிடும். வகுப்பறைச் சுவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு இதில் ஐயமே இல்லை. மாறாக ஒன்று கேட்டேன்: "உங்களில் நன்றாக வரைகிறவர் யார், தம்பி? இப்போது எங்கே உட்கார்ந்து வரைகிறார்?" சற்றுத் தயங்கிவிட்டு, ஒரு பெண் இருப்பதாகவும், முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் அவருக்குக் கை ஓடாததால் பெரும்பாலும் திண்ணைக்குப் போய்விடுவதாகவும் சொன்னார். நாங்கள் தேடிய விடை அந்தத் திண்ணையில்தான் இருந்தது.

கற்பனைத் தொழிலில் வேலை செய்கிறவர் பல மணி நேரம் சும்மா இருப்பதுபோலத் தோன்றுவார். சும்மா இருப்பவராகக் காட்சி தருவது எத்தனை சங்கடம் என்பதை, ஜெமினி ஸ்டூடியோவில் 1952 முதல் 1966 வரை பணியாற்றிய அசோகமித்திரன் தமக்கே உரிய அடங்கிய நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். நாளிதழ்ச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவர் வேலைகளுள் ஒன்று. அது மற்றவர் கண்ணுக்கு வேலையாகவே தெரியாததால், யார் வேண்டுமானாலும் அவர் அறைக்குள் நுழைந்து உபதேசம் செய்தார்களாம். பின்னாளில் அவர் தியாகராய நகர் நடேசன் பூங்காவில் அமர்ந்து எழுதியதை நினைத்துப் பார்க்கலாம். பூங்காவில் யாரும் யாரையும் கண்காணிப்பதில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம், எல்லாரும் எல்லாரோடும் கலந்து பேசுவார்கள் என்பது. ஹார்வர்டைச் சேர்ந்த ஈத்தன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறானது. தடுப்புகளை நீக்கித் திறந்த கூடத்துக்கு மாறிய இரு நிறுவனங்களில், நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்து மின்னஞ்சல் கூடியது. எப்போதும் பார்க்கப்படுகிறவர் தம்மைச் சுற்றி மௌனத்தால் சுவர் எழுப்பிக்கொள்கிறார் போலும்.

அடுத்தது வெளிச்சம். ஓவியக் கூடத்துக்கு வடக்குச் சன்னலே சிறந்தது என்று மாணவர் எங்கோ படித்திருந்தார். ஐரோப்பாவுக்கு அது முற்றிலும் பொருந்தும். நாமோ வடக்கு அட்சம் 10 பாகையை ஒட்டி வாழ்கிறோம். ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கிறான். ஆகவே இங்கே வடக்குச் சன்னலுக்கும் சாய்ப்பு வேண்டும். காலை, மாலைச் சாய்வெயிலுக்கு மூங்கில் தட்டியும் வேண்டும். நெடுநல்வாடையில் அரண்மனை வகுக்கும் பகுதி, இரு கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறிப்பதில் தொடங்குவதை அவருக்கு நினைவூட்டினேன். முதலில் நிழல், அதன் பிறகே சுவர். கணினித் திரைக்குப் பின்னால் சன்னல் இருந்தால் கண் கூசும். உட்காருபவருக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும். பக்கவாட்டில் இருப்பதே நலம். வலக்கையால் வரைகிறவருக்கு இடப்பக்க ஒளி வேண்டும். இல்லையேல் தம் கையின் நிழலிலேயே வரைய நேரும்.

மாணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரிதான், ஐயா. ஆனால் உள்ளே வருகிறவர் கண்ணாடியைப் பார்த்துத்தான் கூலி பேசுகிறார்." இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பகட்டில்லாத அறையைக் கண்டு பாதிக் கூலிக்குக் கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. அடகு வட்டி அழகியல் பேசுவதில்லை. எனவே ரேழியை அடுத்த முன்னறை மட்டும் அவர்களுக்காக, சோபாவும் விளக்குகளுமாகப் பளபளப்பாக்கப்பட்டது. முற்றம் திறந்தே இருக்கிறது. தாழ்வாரத்தில் சுவரை முதுகாக்கி, வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் மேசைகள். வாசகம் எழுதவிருந்த நடுச்சுவரில் சணல் துணி இழுத்துக் கட்டி, முடியாத படங்களைக் குத்தி வைக்கிறார்கள். அரைகுறையாக நிற்கும் ஒரு கோடு, முழுமை பெற்ற எந்தப் பொன்மொழியையும் விட அதிகமாக மனிதரை வேலைக்கு அழைக்கும் என்றே நினைக்கிறேன்.

அடகுக்குப் போன நகை முதலில் எண்ணியதில் பாதிதான். மழைக்காலத்தில் சாரல் அடிக்கும்போது மேசைகளை உள்ளே இழுக்க வேண்டியிருக்கிறது. முன்னறை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் வாடிக்கையாளர்கள் நல்ல கூலி தருகிறார்களா என்பது இனிமேல்தான் தெரியும். அந்தப் பெண் இப்போது திண்ணைக்குப் போவதில்லை என்பது மட்டும் இன்றைய நிலவரம்.