முரட்டு மீன்களின் சகவாசம்

சந்தையில் கூறு கட்டி விற்கப்படும் ஜிலேபிக் கெண்டையும், தனவந்தர் வீட்டுக் கூடத்தில் விளக்கொளியில் மிதக்கும் டிஸ்கஸ் மீனும் ஒரே குலத்தில் பிறந்தவை என்று சொன்னால் கேட்பவர் நம்பத் தயங்குவார். ஆயினும் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, நம் ஏரி குளங்கள் பலவற்றைத் தன் சாம்ராஜ்யமாக்கிக்கொண்ட அந்த ஆப்பிரிக்கக் கெண்டையும், டிஸ்கஸும், ஏஞ்சலும், ஆஸ்கரும் சிக்லிட் என்னும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவையே. இவ்வம்சத்தாரிடம் வெளிப்படையாகத் தெரியும் குணங்கள் இரண்டு: தம் குஞ்சுகளிடத்தில் அளவற்ற வாத்சல்யம், அயலாரிடத்தில் அளவற்ற கோபம். முன்னதைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கி வருகிறவர்கள், பின்னதைக் கண்டு திகைத்து, இந்த முரட்டுப் பிராணியோடு வேறு எதைத்தான் சேர்த்து விடுவது என்று கேட்டுக்கொண்டு மறுபடியும் மீன் கடைக்குப் போகிறார்கள்.

இரண்டு குணங்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை அறியாதவரையில் அந்தக் கேள்விக்கு விடை கிடைப்பது துர்லபம். பெரும்பாலான மீன்கள் முட்டைகளை நீரில் இறைத்துவிட்டுத் தம் வழியே போய்விடுகின்றன. சிக்லிட் அப்படியன்று, கல்லின்மேலோ குழியிலோ முட்டையிட்டு, துடுப்பால் விசிறி, குஞ்சு பொரித்தபின் அவற்றை மந்தையாக மேய்த்துத் திரிவதற்கு அதற்கு ஓர் இடம் வேண்டும், அவ்விடம் தன்னுடையது என்று பிறர் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். மத்திய அமெரிக்காவின் கான்விக்ட் சிக்லிட் தன் எல்லையை வகுத்துக்கொள்ளும்; ஜோடி சேர்ந்துவிட்டாலோ, தன்னைப்போல் இருமடங்கு பெரிய மீன்களையும் தொட்டியின் ஒரு மூலைக்குத் துரத்தி ஒடுக்கிவிடும். 1919 முதல் 1926 வரை குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வகித்த ஜாக் டெம்ப்சியின் பெயரை மற்றொரு மத்திய அமெரிக்க சிக்லிட்டுக்குச் சூட்டியவர்கள் அதன் முகத்தையும் குணத்தையும் நன்கு பார்த்தே சூட்டியிருக்கிறார்கள்.

ஆகவே, தோழனைத் தேடுவதற்கு முன் இந்த மீன் எதற்காகச் சண்டையிடுகிறது என்று கேட்க வேண்டும். பசிக்காக அன்று, இடத்துக்காக. அதிலும் தன் இடத்தையே விரும்பக்கூடிய ஒருவனைக் கண்டால்தான் அதற்கு உக்கிரம் ஏறுகிறது. தன்னைப்போன்ற வடிவமும், தன்னைப்போன்ற வரிகளும், தன்னைப்போன்ற நிறமும் உடைய மீனே அதற்குப் பிரதான சத்துரு. நீல மீனுக்குத் துணையாக இன்னொரு நீல மீனைச் சேர்த்தால் கண்ணுக்கு அழகாயிருக்கும் என்று எண்ணுவது மனிதனின் ரசனை. மீனுக்கு அது நேரான சவால். நிறத்தாலும் உருவாலும் வேறுபட்டதாய், நீரில் வேறு மட்டத்தில் சஞ்சரிப்பதாய், ஆனால் பருமனிலும் தைரியத்திலும் தாழாததாய் உள்ள ஒன்றே தக்க அயலான். முப்பது சென்டிமீட்டர் வரை வளரும் ஆஸ்கருக்கு, உயர்ந்து தட்டையான உடலோடு கூட்டமாக நீந்தும் சில்வர் டாலர் பொருந்துவது இதனால்தான். சிறிய மீன் என்றால், அது எத்தனை சாதுவாயினும், ஆஸ்கரின் வாய்க்குள் போகும். சிறு கெளுத்தியோ, போகும்போது தன் முள்ளை விறைத்துக்கொண்டு, விழுங்கியவனின் தொண்டையில் சிக்கி, இருவருக்கும் அந்தத்தை உண்டாக்கிவிடும்.

இங்கே பிளவர்ஹார்ன் மீனைப் பற்றி ஒரு வார்த்தை. இயற்கையில் எந்த ஆற்றிலும் இல்லாத இந்தக் கலப்பினம் 1990-களில் மலேசியாவில் உருவாக்கப்பட்டது. நெற்றியில் புடைத்த திமிலோடு அது நம் ஊர்களில் வாஸ்து மீன் என்ற பட்டமும் பெற்று விற்பனையாகிறது. இல்லத்தில் இசைவைப் பெருக்கும் என்று நம்பி வாங்கப்படும் அந்த ஜந்து, தன் இல்லத்தில் வேறொரு மீனைச் சகியாது. அதற்குத் துணை தேடுவது வீண். தனியே விடுவதே தர்மம்.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளை அண்டி வாழும் எம்புனா என்னும் சிறிய சிக்லிட்களின் விஷயத்தில் நியாயம் முற்றும் தலைகீழாகிறது. இவற்றை நாலைந்து பேராகப் பெரிய தொட்டியில் விட்டால், வலியவன் ஒருவன் மற்றவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுவான். அதே தொட்டியில் கற்களைக் குவித்துப் பதுங்கிடங்கள் அமைத்து, ஓர் ஆணுக்குப் பல பெண்களாக நெருக்கமாகவே நிரப்பிவிட்டாலோ, துரத்துகிறவனுக்கு இவனைத் துரத்துவதா அவனைத் துரத்துவதா என்று தீர்மானிக்கவே அவகாசம் போதாமல், கோபம் பலர்மேல் சிதறி எவர்மேலும் உறைக்காமல் போய்விடுகிறது. இவ்வளவு ஜனநெருக்கத்தைத் தாங்க வடிகட்டும் கருவி பலமாயிருக்க வேண்டும், நீரையும் அடிக்கடி மாற்ற வேண்டும். புதிதாக ஒருவனைச் சேர்க்கும்போது கற்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கிவிட்டால், பழையவனும் புதியவனும் ஒருங்கே அகதிகளாகிவிடுவதால், சண்டை பாதி குறையும். மலாவியின் கார நீரில் வளர்ந்தவனையும், அமேசானின் மென்னீரில் வளர்ந்தவனையும் ஒரே தொட்டியில் விடுவது மட்டும் கூடாது. அங்கே குணத்துக்கு முன் நீரே பகையாகிறது.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் விசித்திரமாகத் தோன்றுவது ஆஸ்திரிய விலங்கியலறிஞர் கான்ராட் லோரென்ஸ் 1963-ல் வெளியிட்ட மூர்க்கத்தைப் பற்றிய நூலில் கூறும் ஒரு செய்தி. ஒரே தொட்டியில் கண்ணாடித் தடுப்புக்கு இருபுறமும் இரண்டு ஜோடி சிக்லிட்களை வைத்தால், இரு கணவர்களும் தடுப்பினூடே ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு, தத்தம் மனைவியிடம் இனிமையாக நடந்துகொள்கிறார்கள். கண்ணாடியில் பாசி படர்ந்து அயலான் மறைந்துபோனாலோ, கோபம் போக்கிடமின்றி வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது. கணவன் மனைவியை இடித்துரைக்கத் தொடங்கினால் கண்ணாடியைத் துடைக்கும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தமாம்! கோபம் உடலுக்குள் தேங்கி நிரம்பி வழியும் என்ற அவருடைய சித்தாந்தத்தைப் பிற்கால அறிஞர் பலர் ஏற்கவில்லை. ஆனால் அவர் கண்ட காட்சியை மீன் வளர்ப்போர் வெகுகாலமாகத் தம் வழியில் அறிந்தே வந்திருக்கிறார்கள். சிக்லிட் ஜோடியுள்ள தொட்டியில் மலபார் டானியோ போன்ற விரைந்தோடும் மீன்கள் சிலவற்றை அவர்கள் விட்டுவைப்பதன் சூட்சுமம் அதுவே. மேற்கடற்கரைப் பக்கத்து ஓடைகளிலும் இலங்கையிலும் பிறந்த அந்த மீன், பிடிபடாத வேகத்தால் தன்னைக் காத்துக்கொண்டு, துரத்துவதற்கு ஓர் ஆளாக மட்டும் பயன்படுகிறது. கூச்ச சுபாவமுள்ள சிக்லிட்டும், மேலே இவை அஞ்சாமல் திரிவதைக் கண்டு, பதுங்கிடத்தைவிட்டு வெளியே வருகிறது.

ஆசியாவில் சிக்லிட்கள் மிகச் சொற்பம். அவற்றுள் இரண்டு, கேரளம் 2010-ல் தன் மாநில மீனாக அறிவித்த கரிமீனும், அதன் சின்ன உறவினனான ஆரஞ்சு குரோமைடும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கடலோர உப்பங்கழிகளில் இவை சேர்ந்தே வாழ்கின்றன. சிறியது பெரியதன் உடலில் ஒட்டிய ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்கிறது. பெரியது அதற்காக அசையாமல் நின்று இடங்கொடுக்கிறது. அதே சிறியது, சமயம் வாய்த்தால், பெரியதன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுகிறது. இவ்விரண்டையும் ஒன்றாக வளர்க்க விரும்புகிறவர்கள் நீரில் அளவாக உப்புக் கலந்து, தாராளமான இடம் கொடுத்து வளர்க்கலாம். கரிமீன் ஜோடி முட்டையிடுவதற்கு ஒரு கல்லைத் துப்புரவு செய்யத் தொடங்கியதைப் பார்த்தால் மாத்திரம், குரோமைடை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.