முன்னங்கால் முளைத்த வண்டி

போடிநாயக்கனூரில் இருக்கும் நண்பன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: "நம்ம பிக்கப்புக்கு முன்னங்கால் போட விட்டிருக்கேன்டா." கேலி செய்கிறான் என்று நினைத்தேன். அவனுக்கு மலைக்கு அந்தப் பக்கம், போடிமெட்டு தாண்டிக் கொஞ்சம் ஏலத்தோட்டம். உரமூட்டை ஏற்ற, காய் இறக்க ஒரு பழைய மஹிந்திரா பிக்கப். டீசல் வண்டி. ஓட்டம் பின் சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான். முன் சக்கரங்கள் திரும்புவதோடு சரி. ஜூன் மழையில் தோட்டத்துப் பாதை குழைந்து கிடக்கும்போது, பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும். அதற்குத்தான் இந்த வைத்தியம். "வந்து பாரேன், நீ எழுதுற ஆளு" என்றான்.

மதுரையிலிருந்து ரயிலில் போனேன். 2010 டிசம்பரோடு நின்றுபோன மீட்டர்கேஜ் தடம் அது. அகலப்பாதையாகிப் போடி வரை மறுபடி ரயில் வந்தது 2023 ஜூனில். வண்டி போடியை நெருங்கும்போது எதிரே மலை சுவர் மாதிரி நிற்கிறது. அந்தச் சுவரில் ஏறி இறங்குவதுதான் இந்த ஊரின் பிழைப்பு. தோட்டம் மேலே, கேரளத்தில். ஏலக்காய் ஏலம் கீழே, போடியில்.

பட்டறை ஊருக்குக் கொஞ்சம் வெளியே. தகரக் கொட்டகை, ஒரு புளியமரம், மரத்தின் கிளையிலேயே செயின் பிளாக் தொங்குகிறது. 90-ஆம் நம்பர் கியர் ஆயிலுக்குக் கந்தகம் கலந்த ஒரு வாடை உண்டு. வாசலிலேயே அது மூக்கில் ஏறியது. ஊர் திரும்பி இரண்டு நாளாகியும் சட்டையை விட்டுப் போகவில்லை. நண்பனின் வண்டி முன்பக்கம் அவிழ்க்கப்பட்டு, கட்டைகளின்மேல் பல் பிடுங்கிய கிழவர் போல உட்கார்ந்திருந்தது. கழற்றிய முன் ஆக்சில் ஓரமாகக் கிடந்தது. வெறும் இரும்புச் சட்டம், நடுவில் தாழ்ந்து வளைந்தது. அதன் இடத்தில் ஏறப்போகும் ஹவுசிங் பக்கத்திலேயே இருந்தது. அதற்கு ஒரு பக்கமாகக் குடம் போல வயிறு. கிரவுன், பினியன் என்கிற பல்சக்கர ஜோடி அந்தக் குடத்துக்குள்.

மேஸ்திரிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாங்க என்று தலையை ஆட்டிவிட்டுக் காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்தார். தையல்காரர் பென்சில் செருகுகிற மாதிரி. பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கியிருந்தார்கள்; மற்றது தரையில். பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கியர்பாக்ஸ் பக்கம் கழற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். டயரில் ஒரு கோடு, ஷாஃப்டில் ஒரு கோடு போட்டார்.

"டேய், சுத்து. ரெண்டு சுத்து. மெதுவா."

பையன் டயரைச் சுற்றினான். மேஸ்திரி வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு ஷாஃப்டின் கோட்டையே பார்த்தார். வாய் மட்டும் அசைந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஐந்தாவது முடிய இரண்டு விரற்கடை பாக்கி இருக்கும்போது டயரின் கோடு இரண்டு சுற்றை முடித்து நின்றது.

"நாலே முக்காலுக்கு மேல. முப்பத்தொம்பதுக்கு எட்டு."

கிரவுனில் 39 பல், பினியனில் 8 பல். வகுத்துப் பார்த்தேன், 4.88. ஏன் இரண்டு சுற்று என்று கேட்டேன். ஒரு சக்கரத்தைத் தரை பிடித்துக்கொண்டிருந்தால், தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் உள்ளே கிரவுன் ஒரு சுற்று சுற்றும் என்றார். பிறகு வாங்கி வந்த முன் ஹவுசிங்கை இதேபோல எண்ணினார்கள். ஐந்து முழுச் சுற்று, அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கும் தாண்டியது. 43-க்கு 8. பழைய ஜீப்புகளின் கணக்கு அது. இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் 39-க்கு 8. போர் முடிந்து விவசாயிக்கு விற்க வந்த ஜீப்பில் 43-க்கு 8. 1947-லிருந்து மஹிந்திராக்காரர்கள் இங்கே பூட்டி விற்ற ஜீப்புகள் அந்த வம்சம்தான்.

மேஸ்திரி எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் எரிச்சல். "வாங்கும்போதே கேட்டேன் சார். பின்னாடி இருக்கிறதும் இதுவும் ஒண்ணுதான், கண்ண மூடிட்டு மாட்டுன்னான் புரோக்கரு."

கண்ணை மூடிக்கொண்டு மாட்டியிருந்தால் என்ன ஆகும்? நாலு சக்கரத்தையும் பூட்டியதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். பின் சக்கரம் 11 சுற்று போகும்போது முன் சக்கரம் 10 சுற்றுதான் போகும். ஆனால் இரண்டும் ஒரே வண்டியில் இருக்கின்றன. ஒரே தூரம்தான் போயாக வேண்டும். பின்னால் உள்ளது தள்ள, முன்னால் உள்ளது மறிக்க, நடுவில் மாட்டிக்கொண்ட பெட்டியின் பற்கள் முறுகும். சேற்றில் டயர் வழுக்கி அந்தத் தகராறைத் தீர்த்துவைக்கும். பாறையிலோ தார் ரோட்டிலோ வழுக்க இடமில்லை, உடைவதுதான் வழி. "இஞ்சினு பெருசா இருந்தா போதும்னு நெனைக்கிறாங்க. ரெண்டு பக்கமும் கணக்கு ஒத்துப்போகணும் சார், அம்புட்டுத்தான் வேலை" என்றார். டயர் கூட நாலும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டுமாம். பின்னால் புதிது, முன்னால் மொட்டை என்று போட்டாலும் இதே தகராறு சின்ன அளவில் வரும்.

அந்த நடுப்பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். மேஸ்திரி வாயில் அது 'சின்னப் பெட்டி'. கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிப்பது அதன் வேலை. பழைய ஜீப்பில் வரும் ஸ்பைசர் 18 பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. அதை ஏன் போடவில்லை என்று கேட்டேன். அதில் பின்னுக்குப் போகும் வழியும் ஓரமாக விலகி இருக்கிறது. அதனால்தான் அந்தக் கால ஜீப்பின் பின் ஹவுசிங்கிலும் குடம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கும். பிக்கப்புக்குக் குடம் நடுவில். ஸ்பைசரைப் போட்டால் ஷாஃப்ட் கோணலாக ஓட வேண்டும், இல்லையென்றால் பின் ஹவுசிங்கையும் மாற்ற வேண்டும். நேராக வழிவிடும் பிற்காலத்துப் பெட்டி ஒன்றைத் தேடிப்பிடித்திருந்தார். முன் ஷாஃப்ட் அதன் எந்தப் பக்கத்தில் வெளியே வருகிறதோ, முன் ஹவுசிங்கின் குடமும் அதே பக்கம் இருக்க வேண்டும். இதெல்லாம் எந்தத் தாளிலும் எழுதி வைக்கப்படவில்லை.

மேஸ்திரி எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். ஜீப்பில் கிளீனராகச் சேர்ந்தார். மேட்டில் வண்டி திணறினால் குதித்து இறங்கி, பின் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும், அதுதான் உத்தியோகம். ஒரு மழைநாளில் தோட்டவேலைக்குப் போகும் பெண்கள் நிறைய ஏறியிருந்த வண்டி மேட்டில் நின்றுவிட்டது. இவர் வைத்த கட்டை சேற்றில் வழுக்கியது. வண்டி பின்னால் உருண்டு, நல்லவேளை, மேட்டுப்பக்கத்து மண்சுவரில் சாய்ந்து நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை, கட்டையைத் திரும்பத் தள்ளப் போன இவர் இடதுகை மோதிரவிரலின் நுனி மட்டும் போனது. டிரைவர் அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். விரல் ஆறும் வரை சும்மா இருக்க முடியாமல் ஒரு லேத்துப் பட்டறையில் போய் உட்கார்ந்தார். அங்கேதான் பல் எண்ணக் கற்றுக்கொண்டது. "அந்தப் பொம்பளைங்க கத்துன சத்தம் இருக்கே சார்…" என்றவர், முடிக்காமல் பையனிடம் வேஸ்ட்டுத் துணி கேட்டார்.

அன்று பட்டறையில் அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது. நாலு சக்கர ஓட்டம் ஏறுவதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். "ஏற முடியலன்னா நின்னுக்கலாம் சார். இறங்க முடியலன்னா?" சின்னப் பெட்டியில் லோ கியர் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் வண்டி ஆமையாகிவிடும். பிரேக்கைத் தொடாமலே இன்ஜின் நாலு சக்கரத்தையும் பிடித்துப் பிடித்து விடும். ஈரமண்ணில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்று வண்டி சறுக்கும். மூட்டையோடு இறங்கும் வண்டிக்கு இதைவிடப் பெரிய காவல் கிடையாது என்கிறார். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போய் வந்தவர்கள், திரும்பி இறங்கும்போது டிரைவர் காலை எங்கே வைத்திருந்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

43-க்கு 8-ஐத் திருப்பி அனுப்ப முடியாது. புரோக்கர் போனை எடுக்கவில்லை. இந்த இரும்பு வந்த வழியைக் கேட்டால் வயிறு எரிகிறது. எங்கோ பட்டாளத்து ஜீப் ஏலத்தில் போகிறது. எடுத்தவர் பிரித்து விற்கிறார். அது புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ உள்ள பழைய இரும்புக் கடைக்கு வருகிறது. அங்கிருந்து ஒருவர், அவரிடமிருந்து போனிலேயே இன்னொருவர். கடைசி ஆள் அந்த ஹவுசிங்கைக் கண்ணாலும் பார்த்ததில்லை. அவருக்குக் கிடைத்த கமிஷன், பத்து நாள் வண்டிக்கடியில் படுத்துக்கிடக்கும் மேஸ்திரியின் கூலிக்குக் கிட்டே வருகிறது. தப்பான பல்லை விற்றவருக்கு நஷ்டமில்லை. சரியான பல்லைத் தேடி அலைபவர் கைக்காசைப் போடுகிறார். ஏலக்காயிலும் இதே கதைதான் என்று நண்பன் ஆரம்பித்தான். அவன் ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும் என்பதால் டீக்கடைக்கு இழுத்துப்போனேன்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரத்திலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. நண்பனின் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது இரண்டு சக்கர ஓட்டம். நாளைக்கு ஏதாவது ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார். மேஸ்திரிக்கு இது தெரியும். கம்பெனியிலிருந்தே நாலு சக்கர ஓட்டத்தோடு வந்த வண்டிகளைச் செப்பனிடுவதுதான் இப்போது அவருக்குப் பிழைப்பு. இப்படி மாற்றித் தருவதைத் தோட்டத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு மட்டும் என்று வைத்திருக்கிறார். "என் வண்டி தோட்டத்தைத் தாண்டாது" என்கிறான் நண்பன். உரம் எங்கே வாங்குகிறாய் என்று கேட்டேன். போடியில் என்றான். அப்புறம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். 39-க்கு 8 ஜோடி ஒன்று கிடைத்திருந்தது. ஜோடி என்றால் ஜோடிதான்; ஒன்றோடொன்று உரசிப் பழகிய பற்கள், தனித்தனியே மாற்றினால் ஊளையிடும். மேஸ்திரி மஞ்சள் வண்ணப்பொடியைக் கிரீஸில் குழைத்துக் கிரவுனின் நாலைந்து பல்லில் தடவி, பினியனைக் கையால் முன்னும் பின்னும் உருட்டினார். பல் பட்ட இடத்தில் மஞ்சள் விலகி, வெள்ளரி விதை அளவுக்கு இரும்பு பளபளத்தது. அந்த விதை பல்லின் ஓரத்தில் விழுந்திருந்தது. கழற்றி, காகிதக் கனமுள்ள ஒரு தகட்டு வளையத்தை எடுத்துவிட்டு மறுபடி மாட்டினார். மறுபடி மஞ்சள். மறுபடி கழற்றினார். நான் பார்த்திருக்கவே ஏழு தடவை. ஏழாவதில் விதை நடுவுக்கு வந்தது. பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவன் குனிந்து பார்த்துவிட்டு "இன்னும் ஒரு நூல் உள்ள போகணும் மேஸ்திரி" என்றான். இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எட்டாவது தடவை கழற்றினார்.

ஹவுசிங் ஏறியது. பழைய இரும்புச் சட்டம் தாழ்ந்து வளைந்திருந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. மேலே இன்ஜினின் ஆயில் சம்ப் இருக்கிறது. இப்போது அந்த இடத்துக்குப் பக்கத்தில் குடம். மேஸ்திரி எலுமிச்சை அளவு களிமண் உருண்டையைக் குடத்தின் தலையில் ஒட்டி, முன்பக்கம் உரமூட்டைகளை அடுக்கி, ஸ்பிரிங் பட்டை முழுக்க அமுங்கும்படி வண்டியைக் குதிக்கவிட்டார். உருண்டை அடையாகியிருந்தது. அடையின் கனத்தை விரலால் அளந்துவிட்டு, பட்டைக்கு இன்னொரு இலை சேர்க்கச் சொன்னார்.

மேலே தோட்டத்தில் ஓட்டிப்பார்த்த அன்று தூறல். நண்பன் இறங்கி, முன் சக்கரங்களின் ஹப் பூட்டைக் கையால் திருகிவிட்டு ஏறினான். ஆட்கள் வழக்கமாக இறங்கித் தள்ளும் மேடு அது. வண்டி அவசரமில்லாமல் ஏறியது. சேற்றைத் தள்ளிக்கொண்டு போவது போலத் தெரியவில்லை, மென்றுகொண்டு போவது போல இருந்தது. உச்சியில் நிறுத்தி லோ கியரில் அதே வழியாக இறங்கினான். இரண்டு காலையும் தூக்கி எனக்குக் காட்டிக்கொண்டே இறங்கினான், முட்டாள்.

நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி சாக்கை விரித்து வண்டிக்கடியில் புகுந்துவிட்டார். புறங்கையை முன் குடத்தில் வைத்தார், பின் குடத்தில் வைத்தார், கடைசியாகச் சின்னப் பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "சார், இங்க கை வைங்க." படுத்து நகர்ந்து போய் வைத்தேன். குழந்தைக்குக் கொடுக்கிற பால் சூடு.

"இம்புட்டுத்தான் இருக்கணும்" என்றார். வெளியே வந்ததும் நண்பனிடம், "இருநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க. மூணு ஆயிலையும் வடிச்சு, தூள் வருதான்னு பாக்கணும்."

"காய் எடுப்பு முடிஞ்சதும் கொண்டாந்துடுறேன்ணே."

"எடுப்புக்கு முன்னாடி" என்றார் மேஸ்திரி. சாக்பீஸ் ஈரத்தில் நமுத்திருந்தது. அதைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே செருகிக்கொண்டார்.