குரோஷா ஊசியும் வலை ஊசியும்

காளமேகப் புலவரின் மண்மாரிக் கதை வழியாகத்தான் தமிழ் வாசகர்களில் பலருக்குத் திருமலைராயன்பட்டினம் தெரியும். காரைக்காலுக்கும் நாகூருக்கும் நடுவில், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த சிற்றூர் அது. அதன் கிழக்கே கடலை ஒட்டியிருப்பது பட்டினச்சேரி என்ற மீனவக் குடியிருப்பு. அங்கே நிழல் விழும் இடமெல்லாம் வலை பரப்பியிருக்கிறார்கள். கால் கட்டைவிரலில் வலையின் ஒரு முனையை மாட்டி, விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலைக் கட்டுகிறார்கள். குரோஷாவும் ஸ்வெட்டர் பின்னலும் பிடித்துப்போனவர்கள் அதிலேயே நின்றுவிடலாமா, மற்ற நூல்வேலைகளையும் தொட்டுப் பார்க்க வேண்டுமா என்ற கேள்வியோடு அந்த வேலையைக் கவனித்தேன். தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும், அதிலும் முதலில் தொட வேண்டியது வலை என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

இரண்டு ஊசிகளால் பின்னும் ஸ்வெட்டரில் ஒரு வரிசையின் கண்கள் எல்லாம் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். ஒரு கண் நழுவினால் ஏணிப்படி போலக் கீழ்வரை இறங்கிவிடும். குரோஷாவில் ஒவ்வொரு கண்ணையும் மூடிவிட்டே அடுத்ததற்குப் போகிறோம், கொக்கியில் உயிரோடு இருப்பது பெரும்பாலும் ஒரே வளையம்தான். ஆனாலும் கடைசி முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் பிரிந்து மறுபடி நூலாகிவிடும். தப்பைப் பிரித்துத் திருத்த முடிவது இந்த இரண்டு வேலைகளின் பெரிய சலுகை. வலைக்கு அந்தச் சலுகை கிடையாது. கண்ணியின் ஒவ்வொரு மூலையும் இறுகிய முடிச்சு. நண்டு ஒரு கண்ணியை அறுத்தாலும் பக்கத்துக் கண்ணிகள் தத்தம் முடிச்சில் நிற்கும், ஓட்டை தானாகப் பெருகாது. கடலுக்குப் போகும் பொருளுக்கு இந்தக் குணம் வேண்டும். நூல்வேலைகளில் இது மிகவும் பழையதும்கூட. இப்போது ரஷ்யாவில் இருக்கும் கரேலியாவின் அன்ட்ரியா என்ற இடத்தில் 1913இல் கிடைத்த, வில்லோ மரப்பட்டை நாரால் முடிந்த வலை பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. எகிப்தில் கிடைத்த மிகப் பழைய ஊசிப்பின்னல் துணிகளுக்கு வயது ஆயிரம் ஆண்டுகளை ஒட்டித்தான். குரோஷாவோ ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் பரவிய வேலை.

வலையைக் கட்டும் முறையைப் பார்த்தால் குரோஷாக்காரரின் கண் உடனே விழித்துக்கொள்ளும். தட்டையான ஊசி, நடுவில் நாக்குப் போன்ற ஒரு முனை, அதில் சுற்றி ஏற்றிய நூல். கண்ணியின் அளவு மாறாமலிருக்க ஒரு சிறு சட்டம், பழகிய கைக்கு விரலே போதும். கிழிசலைக் கட்டுகிறவர் முதலில் அதைப் பெரிதாக்குகிறார், பார்க்கிறவருக்கு இது புதிராக இருக்கும். காரணம் இது: முழு வலையில் ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் நான்கு கால்கள் கிளம்புகின்றன. கிழிந்த இடத்தில் அறுந்த கால்கள் தாறுமாறாக நிற்கும். அவற்றை வெட்டிச் சீராக்கி, மேலே மூன்று கால் மிஞ்சிய ஒரு முடிச்சும் கீழே மூன்று கால் மிஞ்சிய ஒரு முடிச்சும் இருக்கும்படி செய்துகொள்ள வேண்டும். மற்ற முடிச்சுகளில் எல்லாம் இரண்டு கால்தான். முதல் மூன்றுகால் முடிச்சில் தொடங்கும் நூல், வழியிலுள்ள ஒவ்வொரு முடிச்சையும் நிறைத்துக்கொண்டு, இரண்டாவது மூன்றுகால் முடிச்சில் போய் முடியும். வெட்டு சரியாக இருந்தால் ஒரே நூல் முழு ஓட்டையையும் அடைத்துவிடும். தவறாக இருந்தால் நடுவில் ஒரு கால் அனாதையாக நிற்கும். இது கணக்கு. எழுதாமல், வரையாமல், கையும் கண்ணுமாகப் போடும் கணக்கு. இதைத் தைரியமாகக் கலை என்று சொல்ல நமக்கு ஏன் வாய் வருவதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இரண்டு வேலைகளுக்கும் உறவு உண்டு. ஐரோப்பாவில் ஃபிலே லேஸ் என்ற பெயரில் மேசைவிரிப்புகளுக்குச் செய்த நூல்வேலைக்கு அடித்தளமே மீனவர் வலையின் அதே முடிச்சில் கட்டிய சதுரக் கண்ணிகள். அதைச் சீக்கிரமாகச் செய்யக் கண்டுபிடித்த மாற்றுதான் கட்டம் கட்டமாகப் போடும் ஃபிலே குரோஷா. நம் வீடுகளில் சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சு போட்டு ஒயர் கூடை பின்னுகிறவர்களும் இந்தக் குடும்பம்தான். குரோஷாவில் பின்னிய காய்கறிப் பை பாரம் ஏற ஏற நீண்டு தொங்குவது ஏன் என்பதும் இங்கே விளங்கும்: வளையம் நழுவி இடம் கொடுக்கிறது, முடிச்சு கொடுப்பதில்லை. செவுள் வலையைக் கயிற்றில் கோர்க்கும்போது, கயிற்றின் நீளத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வலையை எடுத்துச் சுருக்கிக் கட்டுகிறார்கள். அப்போதுதான் கண்ணி சாய்சதுரமாக விரிந்து மீனின் செவுளைப் பிடிக்கும். விரிப்புக்கு ஓரம் பின்னும்போது எத்தனை கண் கூட்டுவது என்று திண்டாடுகிறவருக்கு இந்த ஒரு விகிதமே நல்ல பாடம்.

பல வேலைகளில் கை வைத்தால் ஒன்றிலும் தேர்ச்சி வராது என்பார்கள். பாதியில் நிற்கும் பின்னல்கள் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன, ஆகவே இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நான் கேட்பது இன்னொரு வேலைக்குக் குடிபெயர்வதை அல்ல. குரோஷாவில் நூலைத் தளர விடுகிறோம், வலையில் ஒவ்வொரு முடிச்சையும் சுண்டி இறுக்குகிறோம். இந்த இறுக்கத்தைப் பழகிய கை, தன் தளர்ச்சியின் அளவையும் அறிந்துகொள்கிறது. மற்றதைத் தொட்டுப் பார்த்த பிறகும் குரோஷாவே பிடிக்கிறது என்றால் அது தெரிந்து கொண்ட விருப்பம். தொடாமலே பிடிக்கிறது என்பது பழக்கம் மட்டும்.

இயந்திரம் வந்துவிட்டதே, இனி எதற்கு என்பது அடுத்த கேள்வி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்காட்லாந்தில் வலை பின்னும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. நம் நாட்டில் பருத்தி, சணல் வலைகளின் இடத்தை நைலான் பிடித்ததற்கு, 1957இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுகளும் ஒரு காரணம். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. குமரிக் கடற்கரையில் வீட்டிலிருந்து வலை பின்னிச் சம்பாதித்த பெண்கள், 1970களிலும் 80களிலும் இயந்திர வலை பெருகியபோது அந்த வருமானத்தை இழந்தார்கள். ஆனால் ஆலையிலிருந்து வருவது வெறும் வலைத்துணி. அதைக் கயிற்றில் கோர்ப்பது, மிதவையும் ஈயக்குண்டும் கட்டுவது, கிழிந்தால் சேர்ப்பது எல்லாம் இன்றும் கைதான். அசல் குரோஷாவையும் இயந்திரம் முழுமையாகச் செய்ததில்லை. கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி வேறு வகை இயந்திரப் பின்னலே. கையை விட்டுப் போகாத இரண்டு வேலைகள் ஒன்றையொன்று அறிந்திருப்பது நியாயம்.

ஒருவரின் பிழைப்பை இன்னொருவர் பொழுதுபோக்காக்குவது அவமதிப்பு இல்லையா என்பதே எனக்கு மிகக் கனமாகப் படும் ஆட்சேபம். இதற்கு ஆந்திராவின் நர்சாபூரைப் பார்க்க வேண்டும். மிஷனரிகள் வழியாக 19ஆம் நூற்றாண்டில் வந்த குரோஷா லேஸ் அங்கே ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. 1982இல் வெளிவந்த மரியா மீஸின் ஆய்வு காட்டியது இதுதான்: நாளில் பல மணி நேரம் லேஸ் பின்னிய பெண்களை, ஓய்வு நேரத்தில் ஏதோ செய்யும் இல்லத்தரசிகள் என்று அழைத்ததால்தான் அவர்களுக்குச் சொற்பக் கூலி போதுமென்றாயிற்று, லாபம் வியாபாரிகளிடம் சேர்ந்தது. நர்சாபூர் லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல செய்தி, ஆனால் கூலிக் கணக்கு வேறு. ஆக, பொழுதுபோக்கு என்ற பெயர் குரோஷாவின் உழைப்பை மறைத்தது. தொழில் என்ற பெயர் வலைக்காரரின் நுட்பத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. மூன்றுகால் முடிச்சைத் தேடித் தடுமாறிப் பார்த்தவர், கிழிசல் கட்டும் கூலியைப் பற்றி அலட்சியமாகப் பேச மாட்டார் என்று நம்புகிறேன்.

வலை என்றாலே இன்று நைலான்தானே என்றும் கேட்கலாம். நைலான் கடலில் மக்காமல் கிடக்கும் கேடு உண்மையானது. ஆனால் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பருத்தி நூலே போதும், முடிச்சும் வழுக்காது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். வலை சீர்செய்யும் வேலை மும்முரமாக நடப்பதும் அப்போதுதான். குரோஷா ஊசி பிடிக்கும் வாசகர்களே, அந்த நாட்களில் காரைக்கால் பக்கமோ உங்களுக்கு அருகிலுள்ள மீனவ ஊருக்கோ போங்கள். கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். சொல்லிக் கொடுப்பவரின் நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுங்கள்.