கணக்கில் வராத காற்று

“பாப்பா வரட்டும், பார்த்துக்கலாம்.” என் தாய்மாமாவுக்குப் பிடித்த வாக்கியம் இதுதான். மின்விசிறி நின்றாலும், கைப்பேசி மக்கர் செய்தாலும் நான் வரும்வரை காத்திருப்பார். ஜொகூரில் தமிழ்ப்பள்ளியிலும் தேசியப் பள்ளியிலும் படித்துவிட்டுச் சிங்கைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கும் அக்காள் மகள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. சென்ற விடுமுறையில் அந்த நம்பிக்கையை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பது பெருமைக்குரிய கதையன்று. இருந்தாலும் எழுதுகிறேன்.

மாமா காய்கறி வேன் ஓட்டுகிறார். விடிவதற்கு முன்பே பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் சரக்கு ஏற்றி, தேக்கா வட்டாரத்து உணவகங்களுக்கு இறக்க வேண்டும். பெட்ரோலில் ஓடும் பழைய ஜப்பானிய வேன். இந்த ஊரில் வண்டி வைத்திருப்பது என்ன விலை என்பது உங்களுக்குத் தெரியும். 1990இல் வந்த சிஓஇ முறைப்படி வண்டி ஓடும் உரிமையைப் பத்தாண்டுக்கு ஏலத்தில் எடுக்க வேண்டும். மாமா அதைப் புதுப்பித்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். புது வேன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த வேன் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் நடுங்கும். கைப்பிடியில் மாட்டிய தேநீர்ப் பொட்டலம் காய்ச்சல் கண்டதுபோல் உதறும். குளிர்சாதனத்தைப் போட்டால் சில சமயம் எஞ்சினே அணைந்துவிடும். “ஐட்லிங் நிக்க மாட்டேங்குது பாப்பா” என்றார் மாமா. எஞ்சினுக்குள் காற்றை விடும் திராட்டல் வாயிலில் கரி படிந்திருக்கும் என்று நினைத்தேன். “பட்டறைக்கு எதற்கு மாமா? நானே சுத்தம் செய்கிறேன்” என்றேன்.

ஒரு சனிக்கிழமை மாலை, புளோக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் வேலை நடந்தது. வாயிலில் கரி அப்பியிருந்தது. துணியும் சுத்திகரிப்புத் திரவமும் கொண்டு பளபளவென்று துடைத்தேன். ஆனால் அதற்கு முன், குறுக்கே நின்ற ஒரு ரப்பர் குழாயைப் பிடுங்கினேன். எஞ்சினின் அடிவயிற்றில் சேரும் ஆவியை மறுபடியும் எரிப்பதற்கு இழுத்துச் செல்லும் குழாய் அது. பல வருட வெப்பத்தில் இறுகிப் போயிருந்தது. ‘டக்’ என்று ஒரு சத்தம். நுனியில் ஒரு விரிசல். விரல் நகத்தளவுகூட இல்லை. மாமா அந்தப் பக்கம் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். விரிசல் அடிப்பக்கம் வரும்படி குழாயைத் திருப்பிச் சொருகினேன். ஒன்றும் சொல்லவில்லை.

எஞ்சினை முடுக்கியதும் முள் 1,500க்கு ஏறி நின்றது. இருக்க வேண்டியது சுமார் 700. மாமா என் முகத்தைப் பார்த்தார். “கவலைப்படாதீங்க, கம்ப்யூட்டர் பழைய அழுக்குக்குப் பழகிப் போயிருக்கு” என்றேன். அது பொய்யில்லை. கரி அடைத்திருந்த காலத்தில் வண்டியின் கணினி வாயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவைக்கக் கற்றுக்கொண்டிருக்கும். கரி போனபின் அதே திறப்பில் அதிகக் காற்று நுழையும். அதற்கு மீண்டும் பாடம் சொல்லித்தர ஒரு முறை உண்டு. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். குளிர்சாதனமும் விளக்கும் அணைந்திருக்க வேண்டும். பெடலைக் கடிகாரம் பார்த்துக் கணக்காக மிதித்து விட வேண்டும். இரண்டு முறை செய்து பார்த்தேன். முள் இறங்கவில்லை.

எங்காவது காற்றுக் கசிந்தால் அந்தப் பாடம் ஏறாது என்று கையேட்டில் படித்திருந்தேன். ஆகவே எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை மாமா தன் கைக்காசில் நான்கு ஸ்பார்க் பிளக் வாங்கி மாற்றினார். பழைய பிளக்குகளில் ஒரு குறையும் இல்லை. அவர் அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, “நல்லாத்தானே இருக்கு” என்று முணுமுணுத்ததை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சிங்கையில் நிறுத்தி வைத்த வண்டியின் எஞ்சினை ஓடவிட்டு வைப்பது சட்டப்படி குற்றம். ஆகவே ஓடும்போதே சோதிப்போம் என்று செவ்வாய்க்கிழமை அதிகாலை நானும் வேனில் ஏறினேன். வண்டிக் கணினியின் எண்களைக் கைப்பேசியில் காட்டும் சிறு கருவி ஒன்று என்னிடம் இருந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது எரிபொருள் திருத்தம் கூட்டல் 22 விழுக்காடு. விரைவுச்சாலையில் 2,500 சுற்றில் ஓடியபோது கூட்டல் 4 மட்டுமே.

இதன் பொருள் எளிது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். உள்ளே வரும் காற்றை ஓர் உணரி அளக்கிறது. அதற்கேற்பக் கணினி பெட்ரோலை ஊற்றுகிறது. உணரியைத் தாண்டி ஓர் ஓட்டை இருந்தால், அதன்வழி புகும் காற்று கணக்கில் வராது. புகைக்குழாயில் இருக்கும் இன்னோர் உணரி, “ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது” என்று புகார் சொல்லும். கணினி மேலும் மேலும் பெட்ரோலைச் சேர்க்கும். ஒரு தம்ளர் தேநீரில் ஒரு கரண்டித் தண்ணீர் விழுந்தால் சுவை கெடும். ஓர் அண்டாவில் விழுந்தால் தெரியாது. நிற்கும்போது எஞ்சின் குடிப்பது தம்ளர் அளவு. ஓடும்போது அண்டா அளவு. அதனால்தான் நிற்கும்போது 22, ஓடும்போது 4.

“என்ன சொல்லுது?” என்று மாமா கேட்டார்.

“ஃபியூல் ட்ரிம் ஹையா இருக்கு மாமா. லீன் கண்டிஷன்.”

“ஓ” என்றார். அவருக்குப் புரியவில்லை. புரியக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்.

சிராங்கூன் சாலையில், பஃபலோ சாலைச் சந்திப்பில் நின்றோம். ஆட்டோ கியர் வண்டி. எஞ்சின் வேகம் கூடிவிட்டதால் பிரேக்கை அழுத்திப் பிடிக்காவிட்டால் தானாகவே முன்னால் தள்ளும். மாமா சரக்குச் சீட்டை எடுக்கக் குனிந்தார். கால் சற்றே தளர்ந்தது. வேன் குதித்தது. எதிரே, பச்சை மனிதனை நம்பிக் கடந்துகொண்டிருந்தார் ஒரு பாட்டி. கையில் மல்லிகைப்பூப் பை. வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவராக இருக்கலாம். மாமா பிரேக்கை மிதித்த மிதியில் பின்னால் தக்காளிக் கூடை சரிந்தது. பாட்டிக்கும் வண்டிக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும். அவர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடந்து போனார்.

மாமா பேசவில்லை. அவர் கை ஸ்டீயரிங்கில் நடுங்கியது. தன் தவறு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

“மாமா, குழாயை நான்தான் உடைச்சேன். சனிக்கிழமையே. தெரிஞ்சும் சொல்லல.”

இதைச் சொல்ல எனக்கு ஓர் ஆங்கிலச் சொல்லும் தேவைப்படவில்லை. தமிழ்ப்பள்ளியில் எரியும் மெழுகுவத்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடிக் காட்டி, காற்றில்லாமல் தீயில்லை என்றார் ஆசிரியை. அன்றே புரிந்தது. பிறகு அதையே மலாயில் படித்தேன், ஆங்கிலத்தில் படித்தேன். மூன்று மொழியில் கற்றதை, மாமாவுக்குப் புரியாத மொழியில் சொல்லி அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மாமா வெகுநேரம் கழித்து, “அப்பவே சொல்லியிருந்தா நாலு பிளக் காசு மிச்சம்” என்றார். பிறகு, “அந்தப் பாட்டி...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சரக்கை இறக்கிவிட்டு, காக்கி புக்கிட்டில் மாமாவுக்குத் தெரிந்த சீனப் பெரியவரின் பட்டறைக்குப் போனோம். நான் குழாயைக் காட்டினேன். அவர் இடுக்கியால் அதை மெதுவாக நெரித்தார். அந்தக் கணமே எஞ்சின் வேகம் இறங்கியது. விட்டார், ஏறியது. மாமாவைப் பார்த்து, “ஆங்கின் மாசோக்” என்று சிரித்தார். காற்று புகுந்துவிட்டது என்று பொருள். மலாய்க்காரர்கள் உடம்புக்கு முடியாமல் போனாலும் இதே சொற்களைத்தான் திருப்பிப் போட்டுச் சொல்வார்கள்.

புதுக் குழாய் மாட்டி, கணினிக்கு மறுபடியும் பாடம் சொன்னேன். இம்முறை ஏறியது. முள் 700க்கு இறங்கி நின்றது.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் தேடச் சொல்கிறார் வள்ளுவர். பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசுகூட வாங்கியிருக்கிறேன். காரணம் நாமாகவே இருந்தால் தேடுவது எவ்வளவு கடினம் என்பது அப்போது தெரியாது.

விடுமுறையின் மீதி நாள்களில் மாமாவோடு அதே சாலையில் போனேன். சிவப்பு விளக்கில் தேநீர்ப் பொட்டலம் அசையாமல் தொங்கியது. மாமாவின் கால் மட்டும், தேவையில்லாதபோதும், பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தது.