முதல் ஊரை எங்கே அமைப்பது?

திரையில் கொஞ்சம் புல்வெளி, ஓரமாக ஓர் ஆறு, பக்கத்தில் ஒரு குன்று. அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. கையில் இருப்பது குடியேறிகள் குழு ஒன்றும், காவலுக்கு ஒரு வீரனும்தான். ஆண்டு, கி.மு. 4000. 2016-ல் வெளியான 'சிவிலைசேஷன் 6' கம்ப்யூட்டர் கேம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆட்டக்காரர் எடுக்கும் முதல் பெரிய முடிவே, தலைநகரை எங்கே அமைப்பது என்பதுதான். ஒருமுறை அமைத்துவிட்டால் நகர்த்த முடியாது.

சென்னைப் புறநகரில் வாடகை வீட்டில் இருக்கும் அந்த 33 வயது கணக்காளருக்கு, ஞாயிறு இரவுகளில் இதுதான் பொழுதுபோக்கு. விதிகள் அவருக்கு மனப்பாடம். நல்ல தண்ணீர் பக்கத்தில் இருந்தால் ஊரின் குடியிருப்பு வசதி 5. கடலோரம் என்றால் 3. இரண்டும் இல்லையென்றால் 2. அந்த எண்ணை மக்கள்தொகை நெருங்கியதும் வளர்ச்சி மந்தமாகிவிடும். குன்றின் மேல் அமைத்தால் எதிரியைச் சமாளிப்பது சுலபம்.

ஆனால், இதைவிட நல்ல இடம் தேடி அலைந்தால் சுற்றுகள் வீணாகும். தொடக்கத்தில் ஒரு சுற்று என்பது 40 ஆண்டுகள். அதனால் அனுபவசாலிகள் முதல் சுற்றிலோ இரண்டாவது சுற்றிலோ ஊரை அமைத்துவிடுவார்கள். இவர் அப்படியில்லை. இடம் பிடிக்கவில்லையென்றால் ஆட்டத்தையே கலைத்துவிட்டுப் புது வரைபடம் கேட்பார்.

சொந்த வீடு தேடுவதிலும் அதே கதைதான். இரண்டு வருடங்களில் பதினேழு வீடுகள் பார்த்தாயிற்று. ஒன்றில் பஸ் ஸ்டாப் தூரம். இன்னொன்றில் 2015 வெள்ளத்தின்போது தரைத்தளம் மூழ்கியிருந்தது. மற்றொன்றில் எல்லாம் சரி, மெட்ரோ ரயில் வருமா என்று தெரியவில்லை.

"உங்க கேம்ல ஒரு சுத்துக்கு நாப்பது வருஷம் போகுதுன்னீங்க. இங்க ஒவ்வொரு சுத்துக்கும் பதினாலாயிரம் வாடகை போகுதுங்க. பாப்பாவுக்கு ஜூன்ல ஸ்கூல்" என்றார் மனைவி.

அவரிடம் பதில் இல்லை.

இடம் தேர்வு செய்வது விளையாட்டில்லை என்பதற்கு வரலாற்றில் ஜேம்ஸ்டவுன் சாட்சி. 1607 மே மாதம் நூற்றுச் சொச்சம் ஆங்கிலேயர்கள் வர்ஜீனியாவில் ஓர் ஆற்றங்கரையில் இறங்கினார்கள். கப்பலைக் கரையோர மரத்திலேயே கட்டும் அளவுக்கு ஆழம். ஸ்பெயின் கப்பல்கள் வந்தால் எதிர்க்கத் தோதான இடம். அங்கே யாரும் குடியிருக்கவும் இல்லை. ஏன் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. சதுப்பு நிலம். கோடையில் ஆற்று நீர் உப்புக் கரித்தது. நோயிலும் பசியிலும் ஆட்கள் விழுந்தார்கள். 1609-10 குளிர்காலத்தில் இறந்தவர்களே அதிகம், பிழைத்தவர்கள் குறைவு. 1699-ல் தலைநகரமே வில்லியம்ஸ்பர்க்குக்கு மாறியது.

பதினெட்டாவது வீட்டைப் பார்க்க மனைவியும் கூடப் போனார். கணவர் பத்திரத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, அவர் எதிர் வீட்டுத் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் போய் உட்கார்ந்தார். "மே மாசம் தண்ணி எப்படிம்மா? மழைக்கு ரோட்டுல நிக்குமா?" என்று கேட்டார். ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீரை வாங்கிக் குடித்தும் பார்த்தார். உப்பு இல்லை. "மழைக்கு முழங்கால் வரைக்கும் வரும், ஆனா ரெண்டு நாள்ல வடிஞ்சிரும்" என்றார் அந்த அம்மா. பார்த்த வீடு முதல் மாடி.

அந்த கேமில் இன்னொரு விதி உண்டு. இரும்பும் எண்ணெயும் எங்கே புதைந்திருக்கின்றன என்று முதல் சுற்றில் யாருக்கும் தெரியாது. அதற்கான அறிவு வளர்ந்த பிறகுதான் வரைபடத்தில் தெரியும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கண்ணில் படுவதை வைத்துத்தான் ஊரை அமைக்க முடியும். ஆறு மட்டும் முதல் நாளே தெரியும்.

அந்த வாரமே அட்வான்ஸ் கொடுத்தார்கள். மெட்ரோ வருமா என்பது இன்னும் தெரியாது. பள்ளிக்கூடம் நடக்கும் தூரம்தான்.