ஏரியில் தண்ணீர் இல்லை... ராக்கெட் உண்டு!

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வடகிழக்கே போய், கஹோன் கணவாயில் ஏறி இறங்கினால் மொஹாவே பாலைவனம். விக்டர்வில், ஆப்பிள் வேலி என ஊர்கள் மெலிந்துகொண்டே வந்து, லூசர்ன் வேலியில் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மொத்தம் இரண்டு மணி நேரப் பயணம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், வரைபடத்தில் ஏரி என்று போட்டிருக்கும் இடம் வரும். நம்பித் துண்டை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். லூசர்ன் வறண்ட ஏரியில் இருப்பது வெறும் களிமண் தரை. பாளம் பாளமாக வெடித்து, சுட்ட அப்பளம் போல மொரமொரவென்று கிடக்கிறது. பெரிய மழை பெய்தால் மட்டும் மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும். அப்போது கார் இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும்.

மரம் இல்லை, புல் இல்லை, வீடு இல்லை. பல மைல் தட்டையான தரை. மேலே போனது எங்கே விழுந்தாலும் கண்ணில் படும். தீப்பொறி விழுந்தாலும் பற்றிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதனால்தான் பல வருடங்களாக இது பொழுதுபோக்கு ராக்கெட்காரர்களின் ஊராக இருக்கிறது. ‘ராக்’ என்று சுருக்கி அழைக்கப்படும் கலிஃபோர்னியா ராக்கெட் சங்கத்தார் மாதம் ஒருமுறை இங்கே கூடுகிறார்கள்.

ராக்கெட் என்றதும் நமக்கு பாட்டிலில் சொருகி விடும் தீபாவளி வாணம்தான் ஞாபகம் வரும். அதில் இருப்பது கருமருந்து. இங்கே குழந்தைகள் விடும் குட்டி ராக்கெட்களிலும் அதுதான். பெரியவர்கள் விடுவது வேறு ரகம். அமோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், இவற்றைப் பிணைத்து வைக்க ஒரு செயற்கை ரப்பர். மூன்றும் கலந்து இறுகியதும் கடினமான அழிரப்பர் மாதிரி ஆகிவிடும். இதைத்தான் ‘காம்போசிட்’ எரிபொருள் என்கிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் நம் பி.எஸ்.எல்.வி-யின் முதல் கட்டத்தில் 138 டன் நிரப்புகிறார்களே, அதுவும் இதே குடும்பம்தான். இங்கே கையளவு, அங்கே மலையளவு.

மோட்டார்களுக்கு ஆங்கில எழுத்து வரிசையில் பெயர். ஒவ்வோர் எழுத்துக்கும் சக்தியின் உச்சவரம்பு இரண்டு மடங்காகும். ‘ஏ’ என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-விநாடி. ‘எச்’ வந்தால் 320. ‘எம்’ என்றால் 10,240! கடையில் போய்ப் பணத்தை நீட்டினால் ‘எச்’ கிடைத்துவிடாது. ‘எச்’, ‘ஐ’ வாங்க முதல் நிலைச் சான்றிதழ், ‘ஜே’ முதல் ‘எல்’ வரை இரண்டாம் நிலை, அதற்கு மேலே மூன்றாம் நிலை.

என் அக்கா மகன் அன்று வந்தது முதல் நிலைக்காக. அவனே செய்த நாலரை அடி ராக்கெட், ‘எச் 128’ மோட்டார். 128 என்பது சராசரி உந்துவிசை. ஏறக்குறைய 13 கிலோ எடையைத் தாங்கும் விசை. எரிவது ஒன்றரை விநாடிகூட இல்லை.

மடக்கு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து மோட்டாரைக் கோக்க உட்கார்ந்தான். சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். பார்ப்பார், கை வைக்க மாட்டார். அலுமினிய உறை நம்முடையது, திரும்பத் திரும்பப் பயன்படும். ஒவ்வொரு முறையும் உள்ளே போகும் சரக்குதான் புதிது. அதற்குப் பெயர் ரீலோட். பாக்கெட்டைப் பிரித்தால் நடுவில் துளை போட்ட எரிபொருள் உருளைகள், அவற்றைச் சுற்றும் குழாய், புகை வெளியேறும் நாசில், பாராசூட்டைத் தள்ளக் கொஞ்சம் கருமருந்து, அதை எட்டு விநாடி தாமதித்துப் பற்றவைக்கும் ஒரு சின்ன வில்லை. அப்புறம் ஓ-ரிங்குகள்.

குக்கர் கேஸ்கட்டின் குழந்தைகள் மாதிரி இருக்கிறது அந்த ரப்பர் வளையம். விரலில் கிரீஸ் தொட்டு, மணல் துகள் ஒட்டாமல், முறுக்காமல் உட்கார வைக்க வேண்டும். “சித்தி, கை முழுக்க கிரீஸ். அந்த விளக்கத் தாள் பறக்காம பிடிச்சுக்குங்க” என்றான். பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு படியையும் வாய்விட்டு இரண்டு முறை படித்தான். மேஜை ஓரத்தில் இன்னும் ஒரு வளையம் மிச்சம் இருக்கிறதா என்று அந்தப் பெரியவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். இல்லை.

இத்தனை பயம் ஏன் என்கிறீர்களா? 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் ஏழு பேரோடு சிதறியதற்குக் காரணம், குளிரில் விறைத்துப்போன ஓ-ரிங். விஞ்ஞானி ஃபெய்ன்மன் அந்த ரப்பரை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து, விசாரணையில் எல்லோர் முன்னாலும் அதைக் காட்டினார். அளவு மாறினாலும் இங்கேயும் அதே கதைதான். வாயு கசிந்தால் உறை பிய்த்துக்கொள்ளும். காலையில் ஒருவருடைய பெரிய மோட்டார் மேடையிலேயே ‘டமார்’ ஆனதைப் பார்த்தோம். யாருக்கும் அடி இல்லை, ஏனென்றால் ‘எம்’ மோட்டாருக்கு 500 அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். ‘எச்’சுக்கு 100 அடி போதும். பற்றவைக்கும் கம்பியை மேடைக்குப் போன பிறகே சொருக வேண்டும் என்பது இன்னொரு கண்டிப்பு. நம் ஊரில் பட்டாசுக்கும் யாராவது இப்படிக் கோடு போட்டால் தேவலை.

இந்த எரிபொருளை வெடிமருந்துப் பட்டியலில் வைத்துக் கெடுபிடி செய்த அரசுத் துறையோடு இவர்கள் ஒன்பது வருடம் வழக்காடியிருக்கிறார்கள். 2009-இல் நீதிமன்றம் இவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இது எரியும், ஆனால் வெடிமருந்து என்பதற்குச் சான்று போதாது என்பதுதான் வாதம். அதற்கு முன்பே, 2004-இல், நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்திலிருந்து ஓர் அமெச்சூர் குழு விட்ட ராக்கெட் சுமார் 116 கிலோமீட்டர் போய் விண்வெளியைத் தொட்டுவிட்டது.

மதியம் காற்று கிளம்பியது. மணிக்கு 20 மைலைத் தாண்டினால் யாரும் ஏவக் கூடாது. மானி 14, 17 என்று ஏறிக்கொண்டே போக, பையன் முகம் சுருங்கியது. சான்றிதழ் தவறினால் அடுத்த மாதம்தான். மூன்றரை மணிக்குக் கொஞ்சம் அடங்க, ஒலிபெருக்கியில் ஐந்திலிருந்து கீழே எண்ணினார்கள். வெள்ளை நெருப்பு, கெட்டிப் புகை, ஒரு சீறல். சத்தம் காதுக்கு வருவதற்குள் ராக்கெட் ஆளுயரத்தைத் தாண்டிவிட்டது.

ஏறுவது அழகுதான், ஆனால் உயிரை எடுப்பது அதற்கப்புறம். உச்சிக்குப் போய் மூக்கு கவிழ்ந்து இறங்கத் தொடங்கியும் பாராசூட்டைக் காணோம். சேதமில்லாமல் இறங்கினால்தான் தேர்ச்சி. அவன் வாய் ஆறு, ஏழு என்று முணுமுணுக்க, ‘பொத்’தென்று ஒரு சின்னப் புகை, ஆரஞ்சுத் துணி விரிந்தது. என் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத அம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

காற்று அதை அரை கிலோமீட்டர் இழுத்துப் போய்ப் போட்டிருந்தது. நடந்தோம். ஒரு துடுப்பின் ஓரத்தில் பெயிண்ட் உதிர்ந்திருந்தது, அவ்வளவுதான். பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்து, மோட்டார் உறை உள்ளே இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, மேஜைக்கு வந்ததும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

உறைக்குள் படிந்த கரியை அன்றைக்கே கழுவியாக வேண்டும், விட்டால் இறுகிவிடும். வினிகர் கலந்த தண்ணீரும் பழைய பிரஷ்ஷும் போதும். சமையலறை சிங்க் பக்கமே கொண்டு வரக் கூடாது என்பது அவன் மனைவியின் உத்தரவு. ராத்திரி பத்து மணிக்குக் கொல்லைப்புறக் குழாயடியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தான்.