செட்டிநாட்டு வீடு: முகப்பும் வளவும்

செட்டிநாட்டின் பழைய பெரிய வீடுகள் பலவும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முன்வாசலில் நின்று பார்த்தால் நிலைக்கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் போய், கடைசியில் பின்தெருவின் வெளிச்சம் சிறு சதுரமாகத் தெரியும். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்பது வரிசை. காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை என எந்த ஊருக்குப் போனாலும் வீட்டின் அளவும் ஆடம்பரமும் வேறுபடும். இந்த வரிசை அநேகமாக வேறுபடாது.

வீட்டின் உயிர் வளவில் இருக்கிறது. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண் வைத்த நடை, நடையின் இரு பக்கமும் அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. முன்னறையும் உள்ளறையுமாக இருந்தால் அது 'இரட்டை வீடு'. அறையையே வீடு என்று சொல்லும் வழக்கம் நகரத்தார் எனப்படும் இவ்வூர்ச் செட்டியார்களுடையது. மனைவி கொண்டுவந்த சீர் சாமான்கள் அடுக்கவே அந்த அறை சரியாக இருக்கும். படுப்பதும் பேசுவதும் வெளியே பட்டாலை என்னும் மேடையில்தான். கல்யாணமானதும் மகனை 'வேறு வைப்பார்கள்', அதாவது ஒரே கூரையின் கீழ் தனி அடுப்பு. ஒரு தம்பதி ஒரு 'புள்ளி'. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்களும் வரி வாங்குவது இந்தப் புள்ளிக் கணக்கில்தான். வளவின் நீளத்தை அளந்ததும் இதே கணக்குத்தான்.

தொடக்ககால வீடுகள் எளியவை. திண்ணை, வளவு, பின்கட்டு, மேலே நாட்டு ஓடு, அவ்வளவே. கூரை முற்றத்தை நோக்கிச் சரியும். மழை நாளில் ஓட்டுத் தண்ணீர் மூலைக்கு மூலை வைத்த அண்டாக்களை நிரப்பிவிட்டு, கல் பாவிய தரை வழியாக வடிகாலுக்குப் போகும். வறண்ட பூமியில் மழையை வீட்டுக்குள்ளேயே இறக்கிக்கொண்ட ஏற்பாடு இது. அதன் அருமையைப் பிற்காலத்துப் பளிங்குத் தளங்களைவிட உயர்வாகச் சொல்ல வேண்டும்.

இந்த எளிமையை மாற்றியது பர்மாப் பணம். 1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை பக்கத்தில் வந்தது. காடு திருத்தி நெல் பயிரிட்ட குடியானவருக்குக் கடன் கொடுத்தவை செட்டியார் கடைகள். 1929-30-ல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணையின் கணக்கில் அவை சுமார் 1,650. அந்த வட்டிப் பணம் கப்பலேறி ஊர் திரும்பியபோது வீடு முன்பக்கமாக வளரத் தொடங்கியது. பழைய வளவுக்கு முன்னால் முகப்பு என்ற உயர்ந்த மண்டபம், அதன் மேல் மாடி, மாடிக்கு மேல் பொம்மைகள் நிறைந்த கைப்பிடிச் சுவர். நடுவில் கஜலட்சுமி, பக்கத்தில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது யாருக்கும் உறுத்தவில்லை. பர்மாத் தேக்கு, இலங்கை முதிரை, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, இங்கிலாந்தின் வார்ப்பிரும்புத் தூண், ஜப்பானின் பூப்போட்ட ஓடு எல்லாம் முகப்பில் இறங்கின. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கானாடுகாத்தானில் கட்டிய அரண்மனை 1912-ல் முடிந்தது. பின்னால் வந்தவர்கள் உருண்ட தூண்களை விட்டுவிட்டு, அன்று பம்பாயிலும் சென்னையிலும் பரவிய நேர்கோட்டு அலங்காரத்துக்கு மாறினார்கள். காரைக்குடியின் 'ஆயிரம் ஜன்னல் வீடு' 1941-ஐச் சேர்ந்தது.

வெளிநாட்டுச் சரக்குக்கு நடுவே உள்ளூர்க் கைவேலையும் ஏறியது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் சுண்ணாம்பைப் புளிக்கவிட்டு, பல பூச்சுகளாக ஏற்றி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்தார்கள். நூறு வயதான சுவரில் இன்றும் கை வைத்தால் சில்லென்று வழுக்கும். தரையில் பாவும் ஆத்தங்குடிக் கல்லின் கதை இன்னும் சுவையானது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பை அகப்பையால் ஊற்றி, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, சாந்து அப்பி, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள். தகட்டைப் பிரித்தால் கண்ணாடியின் பளபளப்பு கல்லுக்கு வந்திருக்கும். சூளை கிடையாது.

முகப்பு இத்தனை முறை மாறியும் வளவு ஏன் மாறவில்லை? இங்கிலாந்தின் கிராமத்து மாளிகைகள் விடை சொல்ல உதவும். கென்ட் மாவட்டத்து நோல் மாளிகையை 15-ஆம் நூற்றாண்டில் ஒரு பேராயர் எழுப்பினார். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாக்வில் குடும்பத்தார் அதை உள்ளும் புறமும் தங்கள் விருப்பப்படி மாற்றினார்கள். அங்கே அன்று வீடு மூத்த மகனுக்கு மட்டும் போனது, ஆகவே ஒருவர் நினைத்தால் இடிக்கலாம், கட்டலாம். செட்டிநாட்டில் அன்று எல்லா மகன்களுக்கும் சம பங்கு. முகப்பு பொது, அதை அழகுபடுத்த யாரும் தடை சொல்லார். வளவில் கை வைத்தால் அது இன்னொரு புள்ளியின் அறையில் போய் முட்டும்.

வளவைக் காத்த பங்குரிமையே பின்னாளில் வீட்டுக்கு எமனும் ஆனது. முதலில் பணம் வற்றியது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் வசமிருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-க்குள் 25 சதவீதம். 1942-ல் ஜப்பானியர் வந்தார்கள். விடுதலைக்குப்பின் பர்மா அரசு அந்த நிலங்களை எடுத்துக்கொண்டது. பெரிய வீடு கட்டும் காலம் அதோடு முடிந்தது. தலைமுறைக்குத் தலைமுறை பங்காளிகள் பெருகினார்கள். ஓடு மாற்றவும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும், செலவில் பங்கு தர வேண்டும். ஒத்துவராதபோது பிரித்து விற்பது சுலபம். அப்படிப் பிரிந்த தூண்களும் நிலைகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் சாய்ந்து நிற்கின்றன.

தப்பியவை சில. ஒரு வீடு பெயர்த்து எடுத்துவரப்பட்டு, சென்னை அருகே முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் மறுபடி நிற்கிறது. கானாடுகாத்தானின் விசாலம் என்ற வீடு விடுதியாகிவிட்டது. கொத்தமங்கலத்தின் சாரதா விலாஸைப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் செப்பனிட்டார்கள். 2014-ல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் ஏறின.

பூட்டிக் கிடக்கும் வீடுகளும் கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் திறக்கின்றன. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பங்காளிகள் வந்து இறங்குகிறார்கள். வந்தவர்களைப் பளிங்கு போட்ட முகப்பில் உட்கார வைக்கிறார்கள். சடங்குகள் வளவில் நடக்கின்றன.